பத்து மைல் தூரத்தில் இரண்டு நீலம்

மார்ச் 7, 2025, வெள்ளி. கேரி, வட கரோலைனா

ராலே-டர்ஹம் விமான நிலையத்தில் இறங்கும்போது இரவு பத்து மணி. அக்கா, மச்சான், பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பெட்டியை வாங்கிக்கொண்ட அக்கா மகள் வெளிர்நீலச் சட்டை. ஓடி வந்து கட்டிக்கொண்ட அக்கா மகன் கருநீலச் சட்டை. "ரெண்டு பேரும் நீலமா, சொல்லி வெச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வண்டி வீடு சேரும்வரை பாடம் நடந்தது.

வெளிர்நீலம் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலைனா பல்கலைக்கழகம். மகள் அங்கே மூன்றாம் ஆண்டு. கருநீலம் டர்ஹமில் இருக்கும் டியூக். மகன் அங்கே முதலாம் ஆண்டு. இரண்டுக்கும் நடுவே 15-501 என்ற சாலையில் பத்து மைல் தூரம்தான், நம்மூர்க் கணக்கில் பெரியகுளத்திலிருந்து தேனி. கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த நாட்டிலேயே பேர்போன பகை இந்தப் பத்து மைலுக்குள் இருக்கிறது. அதில் பாதி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

"ஒண்ணு அரசாங்கக் காலேஜ், ஒண்ணு தனியார் காலேஜ். யாரு முதலிடம்னு என் பர்ஸைக் கேளுங்க, அது சொல்லும்" என்றார் மச்சான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாளை சனிக்கிழமை, இரண்டும் மோதுகின்றன. டிக்கெட் கிடைக்காது என்பதை என் மருமகன் ஏதோ துக்கச் செய்தி போலச் சொன்னான்.

மார்ச் 8, சனி. சேப்பல் ஹில்

காலையில் மகள் தன் கல்லூரியைச் சுற்றிக் காட்டினாள். 1795 இல் மாணவர்களுக்குக் கதவு திறந்த அரசுப் பல்கலைக்கழகம். நடுவில் பழைய கிணறு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். தூண்கள் வைத்த சின்ன மண்டபம், உள்ளே குடிநீர்க் குழாய். வகுப்பு தொடங்கும் முதல் நாள் அதில் ஒரு வாய் குடித்தால் எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண்ணாம். "குடிச்சியா?" என்றேன். "குடிச்சேன் மாமா. கெமிஸ்ட்ரிக்கு அது வேலை செய்யல."

ஆட்டம் மாலை ஆறரைக்கு, டீன் ஸ்மித் பெயர் வைத்த அரங்கில். 21,000 பேருக்கு மேல் உட்காரலாம். மாணவர்களுக்கான குலுக்கலில் மகளுக்கு இடம் விழுந்தது, அவள் போய்விட்டாள். மருமகனும் நானும் ஃபிராங்க்ளின் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் டி.வி.க்கு அடியில் இடம் பிடித்தோம். கடை முழுக்க வெளிர்நீலம். இவன் சாம்பல் ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான், உள்ளே கருநீலம். கள்ளச்சாராயம் கடத்துகிறவன் முகம்.

டீன் ஸ்மித் 1961 முதல் 1997 வரை இங்கே பயிற்சியாளர், 879 வெற்றிகள். 2015 இல் அவர் இறந்த பிறகு, தன்னிடம் ஆடிய ஏறத்தாழ 180 பேருக்கும் தலைக்கு 200 டாலர் காசோலை போனது. வெளியே போய் ஒருவேளை நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தாராம். இதை எனக்குச் சொன்னது பக்கத்து மேசைப் பெரியவர். சொல்லி முடித்ததும் தன் பியரைக் கொஞ்சம் உயர்த்தினார். மருமகனும் தன் கோக்கை உயர்த்தினான், வேஷம் கலையாமல் இருக்க.

டியூக் 82, கரோலைனா 69. கடைசி ஐந்து நிமிடம் கடையில் கரண்டிச் சத்தம் மட்டும். ஜெயித்தால் இதே தெருவில் நெருப்பு மூட்டி ஆயிரக்கணக்கில் குதிப்பார்களாம். இன்றைக்குப் போலீஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டியில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்ட பிறகுதான் இவன் கத்தினான்.

மார்ச் 9, ஞாயிறு. கேரி

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாளாம் இது. விமானக் களைப்பில் ஏற்கெனவே எந்த மணி எது என்று தெரியாமல் கிடந்தவனுக்கு இது வேறு.

காலை இட்லிக்கே சண்டை ஆரம்பம். மகன்: "பன்னிரண்டு, பதிமூணு தடவை தோத்த டீமுக்கு எதுக்குப் போட்டியில இடம்?" மகள்: "நாங்க யார்கிட்டத் தோத்தோம்னு பாரு." விரல் விட்டு எண்ணினாள். கான்சஸ், ஆபர்ன், மிச்சிகன் ஸ்டேட், அலபாமா, ஃபுளோரிடா. "நாங்க பயப்படாம எல்லாரையும் போய் மோதினோம்."

"மோதினது சரி. ஜெயிச்சீங்களா?"

விஷயம் இதுதான். அமெரிக்காவில் முதல் நிலைக் கல்லூரி அணிகள் 360க்கு மேல். எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது. கூட்டமைப்பு கூட்டமைப்பாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடுவார்கள். மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டிக்கு 68 அணிகள். தன் கூட்டமைப்புப் போட்டியை ஜெயித்தவன் நேராக உள்ளே, மிச்ச இடத்துக்கு ஒரு குழு பொறுக்கி எடுக்கும். சொத்தையோடு ஆடி முப்பது ஜெயித்தவன் பெரியவனா, சிங்கங்களோடு ஆடி இருபது ஜெயித்தவன் பெரியவனா? ஆட்ட அட்டவணை எவ்வளவு கடினம் என்று அளக்க ஆளுக்கொரு தராசு வைத்திருக்கிறார்கள்.

மச்சானுக்கு இந்த மாதிரிக் கணக்கு என்றால் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும். "முன்னாடி ஆர்.பி.ஐ.னு ஒண்ணு இருந்துச்சு. 1981லருந்து 2018 வரைக்கும் அதான். உங்க வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு. உங்களோட ஆடினவங்க வெற்றிக்கு அரைப் பங்கு. அவங்களோட ஆடினவங்க வெற்றிக்கு மிச்சக் கால் பங்கு."

எனக்கு உடனே புரிந்தது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற கணக்கு. பையன் சம்பளம் கால்வாசி, சொந்தக்காரன் கௌரவம் அரைவாசி, சொந்தக்காரனின் சம்பந்தி வீட்டுக் கௌரவம் கால்வாசி. இதைச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் மச்சானுக்கு முகம் சுருங்கியது. எங்கள் வீட்டில் அவரை விசாரித்தது அப்படித்தான்.

இப்போது அதை எடுத்துவிட்டு 'நெட்' என்று புதிய தரவரிசை. ஆட்டங்களை நாலு கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டம்தான் தங்கம்: சொந்த மைதானத்தில் என்றால் முதல் 30 இடத்துக்குள் இருக்கிற அணி, பொது மைதானத்தில் 50க்குள், எதிரி மைதானத்தில் 75க்குள். அடுத்தவன் ஊரில் போய் ஆடுவது அவ்வளவு கஷ்டம் என்று கணக்கிலேயே ஒத்துக்கொள்கிறார்கள். இது போதாதென்று கென்பாம் என்று இன்னொன்று. வானிலை ஆய்வாளராக இருந்த கென் பாமராய் என்பவர் போட்ட கணக்கு. நூறு முறை பந்து கையில் வந்தால் எத்தனை புள்ளி எடுக்கிறாய், எத்தனை விடுகிறாய் என்று பார்க்கிறது. நாளைக்கு மழை வருமா என்று கணித்தவருக்குப் பந்து விழுமா என்று சொல்வது கஷ்டமா என்ன?

மாலையில் வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். சிவப்புத் தொப்பி. ராலேயில் இருக்கும் ஸ்டேட் கல்லூரி. போன வருஷம் தேசியப் போட்டிக்குள் பதினாறு தரத்தில் பதினொன்றாம் தரமாக வந்து, டியூக்கையே 76-64 என்று சாய்த்து, கடைசி நாலு வரை போன அணி. இந்த வருஷம் தங்கள் சொந்தக் கூட்டமைப்பின் போட்டிக்கே தகுதி இல்லை. பயிற்சியாளரை இன்றைக்கு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். "உங்க வீட்டுப் பிள்ளைங்க ரொம்பச் சத்தம் போடுறாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஏக்கமாகச் சொன்னார்.

மார்ச் 10, திங்கள். டர்ஹம்

டியூக்குக்குப் போனோம். புகையிலைப் பணத்தில் எழுந்த கல்லூரி. 210 அடிக் கோபுரத்தோடு கல் தேவாலயம், கற்சுவர், வளைவு வாசல். ஐரோப்பாவில் ஐந்நூறு வருஷம் முன்னால் கட்டியது போல இருக்கிறது, எல்லாம் போன நூற்றாண்டு வேலை.

கேமரூன் உள்ளரங்கத்தைப் பார்த்ததும் ஏமாற்றம். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ நூலகம். 1940 இல் திறந்தது, 9,314 பேர்தான் கொள்ளும். பத்து மைல் தள்ளி 21,000 பேர் கட்டிடம் இருக்கும்போது இவர்கள் இதைப் பெரிதாக்கவே இல்லை. ஏன் என்று மைதானத்தின் ஓரக்கோட்டருகே நின்றதும் தெரிந்தது. முதல் வரிசை மாணவன் கை நீட்டினால், பந்தை உள்ளே எறிய நிற்கும் ஆட்டக்காரன் முதுகில் படும்.

வெளியே புல்வெளி. அதில் பாதி வழுக்கை. பயிற்சியாளர் மைக் ஷிஷெவ்ஸ்கியின் பெயரால் அதை ஊர் மாதிரிக் கூப்பிடுகிறார்கள். 1980 முதல் 2022 வரை இருந்தவர், ஐந்து தேசியப் பட்டங்கள் அவர் காலத்தில்தான். கரோலைனா இங்கே வந்து ஆடும் ஆட்டத்துக்கு மாணவர்கள் வாரக்கணக்கில் இந்தப் புல்லில் கூடாரம் போட்டுக் கிடப்பார்கள். ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர்வரை, முறை வைத்துத் தூங்க வேண்டும். நடுராத்திரியில் ஆள் இருக்கிறானா என்று சரிபார்ப்பார்கள். இல்லையென்றால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். ஜனவரிக் குளிரில் மருமகன் படுத்திருந்த இடத்தைக் காட்டினான். "இங்கதான் மாமா." நான் குனிந்து பார்த்தேன். ஒரு பல்துலக்கியின் மூடி மண்ணில் புதைந்து கிடந்தது.

அவனுக்கு மிகவும் பிடித்த கதை 1979 பிப்ரவரி 24. அந்தக் காலத்தில் இத்தனை நொடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற கடிகாரம் கிடையாது. கரோலைனா பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கொன்றது. இடைவேளையில் டியூக் 7, கரோலைனா 0. வளையத்தையே தொடாமல் போன எறிதலுக்கு "ஏர் பால், ஏர் பால்" என்று கூட்டம் ராகம் போட்டது. அந்தக் கூச்சல் பிறந்ததே இங்கேதான் என்கிறார்கள் டியூக்காரர்கள். முடிவில் 47-40. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டாம் பாதி 40-40. இதை மகள் ராத்திரி சுட்டிக்காட்டினாள்.

இன்று பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. பட்டியல் வந்தது. டியூக் முதலிடம். மருமகன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஒரே வீட்டில் பக்கத்து அறையில் இருக்கும் அக்காளுக்கு அனுப்பினான்.

மார்ச் 12, புதன். டர்ஹமின் அந்தப் பக்கம்

இந்த நாளை நான் திட்டமிடவில்லை. மச்சானுக்கு அலுவலகம், பிள்ளைகளுக்கு வேறு வேலை. வாடகை வண்டியில் டர்ஹமின் பழைய புகையிலைக் கிடங்குகளைப் பார்க்கக் கிளம்பினேன். ஓட்டுநர் அறுபது வயதுக் கறுப்பினப் பெரியவர். கூடைப்பந்து பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், "எந்த நீலம்?" என்றார். இரண்டும் வீட்டில் இருக்கிறது என்றேன். "அப்ப மூணாவதைக் காட்டுறேன்" என்று வண்டியைத் திருப்பினார்.

வட கரோலைனா சென்ட்ரல் பல்கலைக்கழகம், அவர் படித்த கல்லூரி. கறுப்பின மாணவர்களுக்காக 1910 இல் திறந்தது. நிறம் கருஞ்சிவப்பும் சாம்பலும். அரங்கம் சுமார் 3,000 பேருக்கு. அரங்கின் பெயரில் பாதி ஜான் மெக்லெண்டன். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கான்சஸில் பாடம் கேட்டவர். கறுப்பர் என்பதால் அந்தக் கல்லூரி அணியில் ஆட அனுமதி இல்லை. இங்கே வந்து, பிடித்ததும் ஓடு என்ற வேக ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார்.

1944 மார்ச் 12. ஞாயிறு காலை, ஊர் தேவாலயத்தில் இருக்கும் நேரம். டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணி கார்களில் சுற்றுவழியில் வந்து, சட்டையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடுவது அன்றைக்குச் சட்டவிரோதம். கதவைப் பூட்டினார்கள். சென்ட்ரல் 88, டியூக் மருத்துவர்கள் 44. அதோடு விடாமல் அணிகளைக் கலந்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். அரை நூற்றாண்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இன்றைக்குச் சரியாக 81 வருஷம். தேதியைக் கவனித்துச் சொன்னது ஓட்டுநர்தான். எந்தப் பட்டியலிலும், எந்தத் தராசிலும் ஏறாத ஆட்டம்.

தரவரிசை பற்றிக் கேட்டேன். சிரித்தார். "எங்களை மாதிரிக் காலேஜுக்கு நவம்பர், டிசம்பர் முழுக்க அடுத்தவன் ஊர்தான். பெரிய காலேஜ் காசு கொடுத்துக் கூப்பிடும். போய் ஆடணும். திரும்பி அவங்க இங்க வர மாட்டாங்க." ஓர் ஆட்டத்துக்குப் பல பத்தாயிரம் டாலர், சில சமயம் லட்சம் டாலரை ஒட்டிக்கூடப் போகும். அந்தப் பணத்தில்தான் சிறிய கல்லூரிகளின் விளையாட்டுத் துறையே ஓடுகிறது. ஆக, டிசம்பர் முடியும்போது இவர்கள் கையில் ஒரு வண்டித் தோல்வி, பெரிய அணிகள் கையில் ஒரு வண்டி வெற்றி. பிறகு அந்த வெற்றிகளுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று பெரிய அணிக்காரர்கள் டி.வி.யில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

சென்ட்ரல் 2017, 2018, 2019 மூன்று வருஷமும் தங்கள் கூட்டமைப்பை ஜெயித்துத் தேசியப் போட்டிக்குப் போனது. மூன்று முறையும் டேட்டன் நகரத்துக்குத்தான் அனுப்பினார்கள். 68 பேர் பட்டியலின் கடைசி வாசல் அது. அங்கே ஒரு ஆட்டம் ஜெயித்தால்தான் 64 பேர் பந்தியில் உட்காரலாம்.

புகையிலைக் கிடங்கு பார்க்கவில்லை. பணம் கொடுக்கும்போது மீட்டருக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

மார்ச் 14, வெள்ளி. கேரி

சார்லட் நகரத்தில், இரண்டு நீலமும் இருக்கும் கூட்டமைப்பின் அரையிறுதி. புதனும் வியாழனும் ஜெயித்து வந்த கரோலைனாவுக்கு எதிரே மறுபடியும் டியூக். டியூக்கின் நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக் முந்தின நாள் கணுக்காலைத் திருப்பிக்கொண்டதால் ஆடவில்லை. அப்படியும் டியூக் 24 புள்ளி முன்னால் போனது. மகள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கரைய ஆரம்பித்தது. பதினைந்து, பத்து, ஆறு. அக்கா மாடிப்படியடியில் நின்று, "ஏய், இறங்கி வாடி" என்றாள். கடைசி சில நொடிகளில் கரோலைனா ஆள் தனி எறிதல் போட்டுச் சமனாக்கினான். போட்டதும் நடுவர் ஊதினார். ஓரத்தில் நின்ற இன்னொரு கரோலைனா ஆள் பந்து கையை விட்டுப் போகுமுன்பே உள்ளே காலை வைத்துவிட்டான். புள்ளி செல்லாது. 74-71, டியூக்.

நான் பெரியகுளத்துக்காரன். மே மாதம் அகில இந்தியப் போட்டி, ராத்திரி விளக்கு வெளிச்சம், சிமெண்டுப் படிக்கட்டு, கடைசி நிமிடத்தில் தோற்ற ஐ.ஓ.பி. அணிக்காக டீக்கடையில் பொழுது விடியும்வரை வாதாடியவர்களைப் பார்த்து வளர்ந்தவன். 'அவனுக்கு லேசான குரூப் கொடுத்துட்டாங்கய்யா' என்ற வசனம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் கால் கட்டைவிரல் அளவில் ஒரு பருவமே போனதை இப்போதுதான் பார்த்தேன். மருமகன் அக்காள் பக்கம் திரும்பாமலேயே டி.வி.யை அணைத்தான்.

மார்ச் 15, சனி

இறுதி ஆட்டம், டியூக்கும் லூயிவில்லும். மகள் சோபாவின் மூலையில் புத்தகத்தோடு இருந்தாள். பக்கம் திரும்பவில்லை. டியூக் மூன்று புள்ளி எறிதல் ஒன்றைப் போட்டபோது அவள் கை முட்டி மடங்கியதை நான் பார்த்தேன். மருமகனும் பார்த்துவிட்டான்.

"நீ எங்களுக்குச் சப்போர்ட்டா?"

"உங்ககிட்ட மூணு தடவை தோத்திருக்கோம். நீங்க நல்ல டீமா இருந்தாத்தான் அது நல்ல தோல்வி. வாயை மூடிட்டு ஆட்டத்தைப் பாரு."

73-62, டியூக் ஜெயித்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம், அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் கேரி வேங்கடேஸ்வரர் கோயில். 87 அடி ராஜகோபுரம். வெளிர்நீலத் தொப்பி போட்ட ஒரு தாத்தா பிரகாரத்தில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். மகள் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று பிற்பகல் தெரிந்தது: மெம்பிஸ் ஜெயிக்க வேண்டும். மெம்பிஸ் எப்படியும் உள்ளே போகிற அணி. அதைத் தோற்கடித்து அலபாமா-பர்மிங்ஹாம் வந்தால், அவர்களுக்கு ஓரிடம் கொடுக்க, கரோலைனா மாதிரி வாசலில் நிற்கும் யாரோ ஒருவரை வெளியே தள்ளுவார்கள். வாழ்நாளில் மெம்பிஸ் பக்கம் போகாதவள் மெம்பிஸுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாள். மெம்பிஸ் ஜெயித்தது.

ஆறு மணிக்கு அறிவிப்பு. அக்கா பஜ்ஜி போட்டாள். சிவப்புத் தொப்பிப் பெரியவரும் வந்து உட்கார்ந்தார், இந்த வருஷம் தனக்கு ரத்த அழுத்தம் இல்லாத ஞாயிறு என்றார்.

முதல் அடி மருமகனுக்கு. ஒட்டுமொத்த முதலிடம் ஆபர்ன், டியூக்குக்கு இரண்டாவது இடம். "கடைசி நாலுல மூணு தோத்தவங்க! டிசம்பர்ல நாங்களே அவங்களை அடிச்சோம்!" மச்சான் பஜ்ஜியைக் கீழே வைக்காமல் சொன்னார்: "அவங்க கூட்டமைப்புல இந்த வருஷம் பதினாலு டீம் உள்ள போகுது மாப்ள. உங்க கூட்டமைப்புல பதினெட்டுல நாலு தேறினாப் பெருசு. யாரை ஜெயிச்சு அதுல 19 வெற்றி வாங்கினீங்க?" அவன் மெதுவாக அக்காளைப் பார்த்தான். "எல்லாம் உங்களாலதான். நீங்க ஒழுங்கா ஆடியிருந்தா எங்க அட்டவணைக்கு மரியாதை இருந்திருக்கும்."

அவள் பதில் சொல்லவில்லை. திரையில் கடைசிப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. டேட்டன் வாசல் ஆட்டம், பதினொன்றாம் தரம், சான் டியேகோ ஸ்டேட்டுக்கு எதிராக... வட கரோலைனா. அவள் போட்ட சத்தத்தில் எண்ணெய்ச் சட்டிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அக்கா அடுப்படிக்கு ஓடினாள்.

அந்த நெட் தராசின் முதல் கட்ட ஆட்டங்களில் கரோலைனாவின் கணக்கு: ஒரு வெற்றி, பன்னிரண்டு தோல்வி. அந்த ஒன்று டிசம்பரில் நியூயார்க்கில் யு.சி.எல்.ஏ.வை 76-74 என்று ஜெயித்தது. தேர்வுக் குழுவின் தலைவர் கரோலைனாவின் விளையாட்டு இயக்குநர். தன் கல்லூரி பற்றிய பேச்சின்போது அவர் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி, அவர் இருக்கவில்லை என்றும் சொன்னார்கள். "எங்க ஊர்ல இதுக்குப் பேர் என்ன தெரியுமா மாமா?" என்று மருமகன் ஆரம்பித்தான். எனக்கு நம் ஊர்ப் பெயர்கள் நிறையத் தெரியும், சொல்லவில்லை. என் சொந்தக் கருத்து: பன்னிரண்டு பெரிய தோல்வி ஒரு சின்ன வெற்றிக்குக்கூட ஈடாகாது. இதைச் சொன்னதற்கு மகள் ராத்திரிச் சாப்பாடுவரை என்னோடு பேசவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று மேற்கு வர்ஜீனியாவின் ஆளுநரே பத்திரிகையாளர்களைக் கூட்டி, தன் மாநில அணியை விட்டுவிட்டுக் கரோலைனாவை எடுத்தது அநியாயம் என்றார். ஒரு மாநிலத்தின் ஆளுநர்! மச்சான் அலுவலகத்தில் அன்று வேலை நடக்கவில்லையாம்.

நாளை எனக்கு விமானம். பெட்டி கட்டிக்கொண்டே டேட்டன் ஆட்டம் பார்த்தோம். மருமகன் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான், சான் டியேகோ ஸ்டேட் தடுப்பாட்டத்தில் கெட்டி, 2023 இல் இறுதி ஆட்டம்வரை வந்தவர்கள், கரோலைனாவை நசுக்கிவிடுவார்கள் என்று. கரோலைனா எறிந்ததெல்லாம் விழுந்தது. 95-68.

"சான் டியேகோ ஸ்டேட்லாம் ஒரு டீமா?" என்றான்.

மகள் சோபாவிலிருந்து எழுந்து நின்றாள். "மாமா, நீங்க சாட்சி. மத்தியானம் இவன் என்ன சொன்னான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மாங்காய் ஊறுகாய் டப்பாவைப் பெட்டிக்குள் திணித்து, "சாட்சியெல்லாம் அப்புறம். இதைத் தூக்கிப் பாரு, இருபத்து மூணு கிலோ தாண்டிருச்சா?" என்றாள்.